பழைய டீசல் வண்டியும் ஈக்காட்டுத்தாங்கல் பாயும்

கிராமத்துல கார் வெச்சிருக்கறதுன்னா, பட்டணத்து நண்பர்கள் நினைக்கற மாதிரி ஞாயித்துக்கிழமை சவாரிக்கு இல்லைங்க. எங்க ஊர் உத்திரமேரூர் பக்கம். திங்கக்கிழமை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் ஏறும். நடுவுல ரெண்டு நாள் கத்திரி, வெண்டை மூட்டை ஏறும். முகூர்த்த நாள்னா தெருவுல பாதிப் பேர் ஏறுவாங்க. போன ஆடியில் பக்கத்து வீட்டுத் தம்பியை வரப்பில் கண்ணாடிவிரியன் கடித்தபோது, பின் சீட்டில் படுக்க வைத்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரி 11 மணிக்கு ஓட்டிக்கொண்டு போனதும் இதே வண்டியில்தான். பையன் பிழைச்சு வந்து இப்ப நாத்து பறிக்கிறான்.

அதனால அந்த வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னா, அது எனக்கு மட்டும் வந்த தலைவலி இல்ல.

வாங்கினது 2017ல, ஏழு வருஷம் ஓடின பழைய வண்டியா. எந்த கம்பெனி வண்டிங்கறது இங்க பெரிய விஷயமில்ல. ஏன்னா அதுக்குள்ள இருக்கற எஞ்சின் அன்னைக்கு இந்தியாவுல பாதி சின்ன டீசல் கார்ல இருந்த மாதிரி தோணும். ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். மாருதி அதை டிடிஐஎஸ்னு சொல்லிச்சு, டாடா குவாட்ராஜெட்னு சொல்லிச்சு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்ட்டோ, லீனியா எல்லாத்துலயும் அதே இதயம்தான். 'இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின்'னு கார் பத்திரிகைக்காரங்க பட்டப்பெயரே வெச்சாங்க.

இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டு வாசலிலும் அது இன்னும் நிற்கலாம். அல்லது நீங்கள் விற்ற வண்டிதான் எங்களை மாதிரி ஒரு ஊரில் புண்ணாக்கு மூட்டை சுமந்து கொண்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் உதவட்டும்னுதான் எழுதறேன்.

எனக்குத் தெரிஞ்ச முதல் டீசல் எஞ்சின் எங்க கிணத்து மேட்டுல இருந்த 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர். ஒத்த சிலிண்டர், சுமார் 550 சி.சி., நிமிஷத்துக்கு 1,500 சுத்து. லிவரைத் தூக்கி, கைப்பிடி போட்டுச் சுத்தி, லிவரை விட்டா 'டுப்பு டுப்பு'ன்னு ஓடும். மல்டிஜெட்டோ 1,248 சி.சி., நாலு சிலிண்டர், 16 வால்வு. சிலிண்டர் குறுக்களவு 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 82 மில்லிமீட்டர். கணக்குப்படி 1.2ன்னு சொல்லணும், 1.3ன்னு பேர் வெச்சுட்டாங்க. சக்தி 75 குதிரைத்திறன், 4,000 சுத்துல. இழுவிசை 190 நியூட்டன் மீட்டர், 2,000 சுத்துல. பம்புசெட்டைப் போல ரெண்டு மடங்கு சொச்சம் கொள்ளளவு, ஆனா 15 மடங்கு சக்தி. இது எப்படின்னு யோசிச்சா, ரெண்டு விஷயம். ஒண்ணு டர்போ. இன்னொண்ணு காமன் ரெயில்.

காமன் ரெயிலை நம்ம சொட்டுநீர்ப் பாசனம் போட்டவங்களுக்குச் சுலபமா சொல்லிடலாம். பழைய எஞ்சின்ல ஒவ்வொரு தடவையும் பம்புதான் தள்ளி டீசலைப் பீச்சும். காமன் ரெயில்ல, ஒரு மெயின் குழாய்ல எந்நேரமும் அழுத்தம் தயாரா நிக்கும். அதுலேர்ந்து நாலு இன்ஜெக்டருக்குக் கிளை. எப்ப திறக்கணும், எவ்வளவு நேரம் திறக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். ஒரே சுழற்சியில பலமுறை கொஞ்சம் கொஞ்சமா பீச்ச முடியும். மல்டிஜெட்ங்கற பேரே அதனால வந்ததுதான். சத்தம் குறையும், புகை குறையும். நம்ம சொட்டுநீர்க் குழாய்ல அழுத்தம் ஒரு பார் இருந்தா போதும். கார் டயர்ல ரெண்டு பார் சொச்சம். இந்தக் குழாய்ல 1,400 பார்! இந்தத் தொழில்நுட்பத்தை இத்தாலியில ஃபியட் ஆய்வுக்கூடத்துல உருவாக்கி, அப்புறம் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிகிட்ட கொடுத்தாங்க. 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல வந்தது. 2003ல போலந்து நாட்டு பியெல்ஸ்கோ-பியாவா தொழிற்சாலையில இந்தச் சின்ன 1.3 பிறந்தது. 2007 ஜனவரியில ஸ்விஃப்ட்டோட நம்ம ரோட்டுக்கு வந்துச்சு.

அப்ப டீசல் விலை அரசு கட்டுப்பாட்டுல இருந்தது. 2010 ஜூன்ல பெட்ரோலை மட்டும் சந்தை விலைக்கு அவிழ்த்து விட்டாங்க. டீசலை அவிழ்த்தது 2014 அக்டோபர்லதான். இடைப்பட்ட அந்த நாலு வருஷம், ஆபீஸுக்கு அஞ்சு கிலோமீட்டர் போறவங்க கூட டீசல் கார் வாங்கினாங்க. அந்த வண்டிங்கதான் இப்ப வயசாகி, பட்டணத்தை விட்டு ஒவ்வொண்ணா எங்க பக்கம் வந்துட்டு இருக்கு.

இப்ப என் வண்டி கதைக்கு வரேன்.

புரட்டாசி மழை ஆரம்பிச்ச நேரம். ரெண்டு மூட்டை ஏத்தினா மூணாவது கியர்ல முனகுது. மிதிச்சா கரும்புகை. மீட்டர்ல எஞ்சின் விளக்கு எரியுது. உள்ளூர்ல ஒரு ஷெட்ல காட்டினேன். பானட்டைத் தூக்கின அஞ்சாவது நிமிஷம் தீர்ப்பு வந்துடுச்சு: "டர்போ அவுட்டுங்க. புதுசு போடணும்." சொன்ன தொகைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கிடலாம்.

தங்கச்சி மகனுக்கு போன் போட்டேன். அவன் ஈக்காட்டுத்தாங்கல்ல குடியிருக்கான், அங்கேயே பக்கத்துல கம்ப்யூட்டர் வேலை. "மாமா, 15 வருஷ வண்டிக்கு ஏன் செலவு பண்றீங்க? ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க"ன்னான். அப்புறம் அவனே, "எதுக்கும் எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு பாய் ஷெட் இருக்கு. டீசல்னா அவருதான். ஓட்டிட்டு வர முடியுமா?"ன்னான். 90 கிலோமீட்டர். 50க்கு மேல போகாம, கையில ரெண்டு தண்ணி பாட்டிலோட கிளம்பிட்டேன்.

ஈக்காட்டுத்தாங்கல் பேரைக் கேட்டாலே எனக்கு ஒரு சொந்தம் தோணும். தாங்கல்னா எங்க தொண்டை மண்டலத்துல சின்ன ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அந்த வகையில வந்த பேருதான். இப்ப தாங்கலும் இல்ல, தாங்கல் பாஞ்ச வயலும் இல்ல. ஒரு பக்கம் நூறடி ரோடு, மேலே மெட்ரோ ரயில். இன்னொரு பக்கம் 1958ல தொடங்கின கிண்டி தொழிற்பேட்டை. கண்ணாடி மாளிகை ஆபீஸுக்கு எதிர் சந்துல போனா லேத்து பட்டறை, வெல்டிங் கடை, ஸ்பிரிங் பண்றவங்க, பெயின்ட் அடிக்கறவங்க. ஒரு போல்ட்டு முறிஞ்சா அதே போல்ட்டைக் கடைஞ்சு கொடுக்க நூறடிக்குள்ள ஆள் இருக்கு. பாயும் 14 வயசுல அங்க ஒரு லேத்துல கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர்தானாம். இப்ப அறுபதைத் தொட்டாச்சு.

சாயங்காலம் போய் நின்னேன். வண்டியைச் சுத்தி வந்தார். பானட்டைத் தொடவே இல்ல.

"அண்ணே, சாவியை குடுத்துட்டுப் போங்க. சூடான எஞ்சின் பொய் சொல்லும். நைட்டு ஆறட்டும். காலைல நான் வந்துதான் செல்ஃப் அடிப்பேன். நீங்களும் வந்துடுங்க."

காலை ஏழு மணிக்கு ரெண்டு பேரும் நின்னோம். பாய் பையனை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு, எஞ்சினோட ஒரு ஓரமா காதைக் கொடுத்தார். முதல் மூணு நாலு விநாடி, டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அடங்கிடுச்சு. நான் அதை இத்தனை நாளா டீசல் சத்தத்தோட சேர்த்தே கேட்டிருக்கேன்.

"கேட்டுச்சா? இதுதான் உங்க வண்டி சொல்ற முக்கியமான சேதி. புகை இல்ல."

அது டைமிங் செயின். இந்த எஞ்சின்ல வால்வுகளைத் திறந்து மூடற கேம் ஷாஃப்ட்டை ஓட்டறது பெல்ட் இல்ல, சைக்கிள் சங்கிலி மாதிரி ஒரு இரும்புச் சங்கிலி. பெல்ட்டுன்னா இத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்னு கணக்கு உண்டு. சங்கிலிக்கு அப்படிக் கணக்கு இல்லங்கறதால ஜனங்க அதை மறந்தே போயிடறாங்க. அந்தச் சங்கிலியைத் தளராம இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், எஞ்சின் ஆயிலோட அழுத்தத்துல வேலை செய்யுது. இந்தச் சின்ன எஞ்சின் குடிக்கிற ஆயில் மூணு லிட்டர் சுமார்தான். அதுல அரை லிட்டர் குறைஞ்சாலும், ஆயில் தார் மாதிரி ஆனாலும், டென்ஷனர் பிடி தளரும், சங்கிலி ஆடும், தேயும், நீளும். ஒரு நாள் பல் தாண்டிடுச்சுன்னா, பிஸ்டன் மேல வர்ற நேரத்துல வால்வு திறந்தே நிக்கும். ரெண்டும் மோதினா எஞ்சின் முடிஞ்சது.

எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் ஆயில் மாத்தின லட்சணம் எப்படியோ, வால்வு கவரைக் கழட்டினப்ப ஓரமெல்லாம் கறுப்பு மசி கட்டியா உறைஞ்சிருந்தது. பாய் விரல்ல தடவி எனக்குக் காட்டினார். "இது உங்க கணக்கு இல்லண்ணே, பழைய பாக்கி"ன்னார்.

அந்தப் பாம்புக்கடி ராத்திரி ஞாபகம் வந்தது. அன்னைக்கு 100ல ஓட்டினேன். வழியில சங்கிலி தாண்டியிருந்தா? யோசிக்கவே பிடிக்கல.

அடுத்து டர்போ. டர்போங்கறது எஞ்சின் கழிச்சு விடற புகையோட வேகத்துல சுத்தற ஒரு விசிறி. அந்த விசிறி, அதே தண்டுல இருக்கற இன்னொரு விசிறியைச் சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்தைத் தாண்டும். காத்து அதிகமாகிட்டா? ஏரிக்குக் கலங்கல் இருக்கற மாதிரி டர்போவுக்கும் உண்டு, வேஸ்ட்கேட்னு பேரு. அழுத்தம் அளவைத் தாண்டினா மிச்சப் புகையை விசிறி பக்கம் விடாம ஓரமா வழிய விட்டுடும். 75 குதிரைத்திறன் எஞ்சின்ல இருக்கறது இந்த வகை. எர்டிகா, எஸ்எக்ஸ்4 மாதிரி வண்டிகள்ல வந்த 90 குதிரைத்திறன் எஞ்சின்ல, விசிறியைச் சுத்தி நகர்ற தகடுகள் வெச்ச டர்போ. புகைக்கரி படிஞ்சா அந்தத் தகடுங்க ஒட்டிக்கும், அது தனி வைத்தியம்.

பாய் காத்துக் குழாயைக் கழட்டி, டர்போ தண்டை ரெண்டு விரலால பிடிச்சு மேலயும் கீழயும் அசைச்சுப் பார்த்தார். முன்னாடி பின்னாடி இழுத்துப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆட்டமே இல்ல. விசிறி இறக்கை எதுவும் உரசின தடமும் இல்ல. குழாய்க்குள்ள ஆயில் ஊறி வழியவும் இல்ல.

"டர்போ நல்லாத்தான் இருக்கு. மாத்தச் சொன்னவங்க தொட்டுக்கூட பாக்கல போல."

பிறகு ஏன் இழுக்கல? அந்தக் காத்தைக் கொண்டுபோற ரப்பர் ஹோஸைக் கழட்டித் திருப்பினார். கிளாம்ப்புக்குக் கீழ விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சும்மா நிக்கும்போது மூடியிருக்கும், அழுத்தம் வந்தா வாயைத் திறக்கும். மடை உடைஞ்ச வாய்க்கால்ல கடைமடைக்குத் தண்ணி போகுமா? காத்து வெளிய போயிடுச்சு, டீசல் மட்டும் உள்ள போய் சரியா எரியாம கரும்புகையா வந்திருக்கு.

கூடவே ஈஜிஆர் வால்வு. எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே விட்டு, எரியற சூட்டைக் குறைக்கிற ஏற்பாடு. சூடு குறைஞ்சா நைட்ரஜன் ஆக்சைடுங்கற கெட்ட வாயு குறையும். நல்ல எண்ணம்தான். ஆனா புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அங்க வண்டல் மாதிரி படியும். எங்க ஊர்க்கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, உங்கள்ல நிறைய பேர் குடவோலைன்னு பாடத்துல படிச்சிருப்பீங்க. அதுல ஏரி வாரியம்னு தனியாவே ஒரு குழு வருது. ஏரியைப் பார்த்துக்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஆள் போட்டிருக்காங்க. ஆள் போடலைன்னா வண்டல் மேவிடும், மதகு அடைச்சுக்கும். ஈஜிஆருக்கும் அதே கதி. பாய் பையன் அதைக் கழட்டி, கிளீனர் அடிச்சு, பிரஷ் போட்டுச் சுரண்டினப்ப ஒரு கொட்டாங்கச்சி நிறைய கரி வந்தது.

இன்ஜெக்டர் பரிசோதனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்புற சின்னக் குழாயைக் கழட்டி, நாலுக்கும் நாலு பாட்டில் மாட்டினார். கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட விட்டார். எந்தப் பாட்டில்ல டீசல் மட்டம் மத்ததை விட ரொம்ப ஏறுதோ அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள்ள கசியுதுன்னு அர்த்தம். நாலும் ஏறக்குறைய ஒரே மட்டம். சொட்டுநீர் போட்ட புதுசுல, எல்லா சொட்டானும் ஒரே அளவு விடுதான்னு டம்ளர் வெச்சுப் பார்ப்போமே, அதேதான்!

வேலை நடக்கும்போது பாய் 2015 வெள்ளத்தைப் பத்திச் சொன்னார். ஜூன் மாசம்தான் ஈக்காட்டுத்தாங்கலுக்கு மெட்ரோ வந்தது. டிசம்பர்ல அடையாறு வந்தது. செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டதா அரசே சொன்னது. ஆத்தோரத் தெருக்கள்ல கார்கள் கூரை வரைக்கும் முழுகி நின்னுச்சாம்.

"முழுகின வண்டியில பாதியை தண்ணி கெடுக்கலண்ணே, சாவி கெடுத்துச்சு. வடிஞ்சவுடனே ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கறேன்னு செல்ஃப் அடிச்சாங்க."

டீசல் எஞ்சின் காத்தை 17.6 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டுலேயே டீசலைப் பத்த வைக்குது. காத்து அமுங்கும். தண்ணி அமுங்காது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல ஏறினா, வளையறது கனெக்டிங் ராடுதான். மழைக்காலத்துல ரோட்டுல வெள்ளத்துக்குள்ள வண்டி நின்னுட்டா, மறுபடி சாவியைத் திருப்பாதீங்க. தள்ளி ஓரம் கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

அந்த வெள்ளத்துல முழுகின வண்டிங்க கழுவித் துடைச்சு வெளியூருக்கு வித்ததும் நடந்திருக்கு. நான் வாங்கினது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. அப்பவே சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துச் சேத்துக் கறை இருக்கான்னு பார்த்தேன், சீட்டுக்கடியில தண்டவாளத் துருவைப் பார்த்தேன், தரை விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன். மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

அன்னைக்கு ராத்திரி மருமகன் வீட்டுல பேச்சு சூடா போச்சு. "மாமா, டர்போ இல்லன்னாலும் செயின் கிட்டு, ஆயில், கூலின்னு அரை மாட்டு விலை ஆகுது. பழைய டீசல் ஊருக்கும் நல்லதில்ல. டெல்லியில 10 வருஷத்துக்கு மேல டீசல் வண்டி ஓட்டக் கூடாதுன்னு 2015லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிடுச்சு. மாருதியே 2020ல பிஎஸ்6 வந்தப்ப இந்த எஞ்சினை நிறுத்திடுச்சு."

அவன் சொன்னதுல தப்பு இல்ல. கரும்புகை கக்கற வண்டியை ஓட்ட யாருக்கும் உரிமை இல்லன்னுதான் நானும் நினைக்கிறேன். டெல்லி மூச்சு விட முடியாம தவிக்கிற ஊர், அங்க அந்தச் சட்டம் தேவை. ஆனா நம்ம மாநிலத்துல 15 வருஷம் முடிஞ்ச சொந்த வண்டி, தகுதிச் சோதனையில தேறினா, பசுமை வரி கட்டி ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். சரியா பராமரிச்ச வண்டி புகைச் சோதனையில தேறும். தேறலைன்னா நானே ஸ்கிராப்புக்கு ஓட்டிட்டுப் போறேன்னு அவன்கிட்ட சொன்னேன். "உனக்கு வாசல்ல மெட்ரோ இருக்குடா. எனக்கு வாசல்ல ஏர் உழுத சேறுதான் இருக்கு"ன்னேன். சிரிச்சான். மறுநாள் லீவு போட்டுட்டு உதிரிபாகம் வாங்க அவனே கூட வந்தான்.

சங்கிலி, டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து முழு கிட்டாவே மாத்தினார் பாய். பழைய சங்கிலியையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல தொங்கவிட்டுக் காட்டினார். பழசு நீளமா தொங்கிச்சு, கண்ணுக்கே தெரிஞ்சது. ஹோஸ் புதுசு, ஆயில், ஃபில்டர் புதுசு. மூணாம் நாள் திரும்பி வந்தேன். மதுராந்தகம் தாண்டினதும் சாலையோரம் நிறுத்தி பின்னாடி பார்த்தேன், புகை இல்ல. அடுத்த மாசம் புகைச் சோதனையில தேறி, ஆர்.சி.யும் புதுப்பிச்சாச்சு.

பாய் சொன்னதையும் நான் கடைப்பிடிக்கிறதையும் சுருக்கமா சொல்லிடறேன்.

ஆயில் மாத்தறதை கையேட்டுல சொன்ன கிலோமீட்டர் வரைக்கும் தள்ளாதீங்க. புழுதி ரோடு, அடிக்கடி கிட்டத்துல போய் வர்றதுன்னா பாதியிலேயே மாத்திடுங்க. கையேட்டுல சொன்ன தரத்து ஆயிலே போடுங்க. வாரம் ஒரு தடவை ஸ்டிக்கை இழுத்து மட்டம் பாருங்க. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் மிதிக்காதீங்க, ஆயில் மேல ஏற அரை நிமிஷம் கொடுங்க. நெடுந்தூரம் விரட்டிட்டு வந்தா, நிறுத்தின உடனே சாவியை அணைக்காம ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. டர்போ தண்டு ஆயில் படலத்துல மிதந்துதான் சுத்துது. அது சுடச்சுட இருக்கும்போது ஆயிலை நிறுத்தினா அங்கேயே கருகும்.

டிராக்டருக்கு வெச்ச கேன் டீசலை இந்த எஞ்சினுக்கு ஊத்தாதீங்க, எங்க ஊர்க்காரங்களுக்கு இதைத் தனியா சொல்றேன். கிர்லோஸ்கர் எதையும் குடிக்கும். 1,400 பார்ல வேலை செய்யற பம்பும் இன்ஜெக்டரும் ஒரு துளி தண்ணி, ஒரு துரும்பு தூசிக்குத் தாங்காது. டீசல் ஃபில்டருக்கு அடியில தேங்கற தண்ணியை மாசம் ஒரு தடவை வடிச்சு விடுங்க. 2,000 சுத்துக்குக் கீழ இந்த எஞ்சின் தூங்கும், அது அதோட சுபாவம். பெரிய கியர்ல போட்டு அமுக்கி முனக வைக்காம ஒரு கியர் இறக்கிக்கங்க.

பழசு வாங்கறவங்க, விக்கிறவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க: "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.

சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கல, நாத்துக்கு வயசு ஏறிட்டு இருக்கு. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு பக்கத்து ஊருக்கு நடவாளுங்களைக் கூட்டி வரப் போகணும், அஞ்சு பேர், ரெண்டு நடை. நடவு முடிஞ்சதும் அடுத்த பதிவு.